ஏழாம் சோதனையின் சரியான எண்

எங்கள் கல்லூரியின் கணினித் துறைக்கென்று ஒரு லேப் மேனுவல் உண்டு. நீல அட்டை, சுருள் கம்பி பைண்டிங், நூற்றுப் பதினெட்டுப் பக்கம். அட்டையில் 'ஆக்கம்: டாக்டர் ரகுநாத், துறைத் தலைவர்' என்று அச்சிட்டிருக்கும். உள்ளே இருப்பதையெல்லாம் ஓட்டிப் பார்த்து டைப் அடித்தவன் நான். பெயர் நாகராசு, லேப் அசிஸ்டென்ட். டைப் அடித்தவன் பெயரை எந்தப் புத்தகத்திலும் போடுகிற வழக்கமில்லை என்பதால் அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

இலுப்பூரிலிருந்து புதுக்கோட்டை போகிற வழியில், இரண்டு பக்கமும் தைலமரக் காடாக இருக்கிற இடத்தில் கல்லூரி நிற்கிறது. தாளாளர் ரெங்கசாமி கிரஷர் வைத்திருப்பவர். பாறையை உடைத்து ஒரே அளவு சல்லியாக்கும் தொழிலிலிருந்து கல்வித் துறைக்கு வந்தவர். முக்கால் இன்ச் சல்லி என்றால் முக்கால் இன்ச்சுதான் இருக்க வேண்டும் என்பது அவருடைய கல்விக் கொள்கை. இதை நான் கேலிக்காகச் சொல்லவில்லை. ஆண்டு விழாவில் அவரே மைக் பிடித்துச் சொன்னது.

மேனுவலில் ஏழாவது சோதனை இப்படி. எங்கள் துறை சொந்தமாக ஒரு மென்பொருள் நூலகம் வைத்திருக்கிறது. புத்தக அலமாரி என்று நினைத்துவிட வேண்டாம். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்திக்கொள்ள எழுதிவைத்த நிரல்களின் தொகுப்பு அது. அதனிடம் இரண்டு கேள்வி கேட்கலாம். இந்த இரண்டு பொருளும் சமமா? இந்த இரண்டும் ஒன்றேதானா? ஒரே செட்டில் வாங்கிய இரண்டு எவர்சில்வர் டம்ளர்கள் சமம்தான். ஆனால் நான் எச்சில் பண்ணிய டம்ளர் ஒன்றுதான், மற்றதில் நீங்கள் தாராளமாகக் குடிக்கலாம். கணினி இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ள, ஒவ்வொரு பொருளையும் தன் நினைவகத்தில் எங்கே வைத்தது என்று ஓர் இட எண் வைத்திருக்கும். எண் வேறானால் பொருள் வேறு. மாணவர்கள் இரண்டு கேள்வியையும் கேட்டுப் பார்த்து, வந்த விடைகளையும் அந்த இட எண்ணையும் ரெக்கார்டு நோட்டில் எழுத வேண்டும்.

2014-ல் மேனுவல் தயாரித்தபோது லேபில் பத்துக் கம்ப்யூட்டர் இருந்தது, ஓடியது ஒன்று. அதில் ஏழாவது சோதனையை ஒரே ஒரு தடவை ஓட்டினேன். 5174832 என்று வந்தது. அதை அப்படியே டைப் அடித்தேன். பஸ்ஸில் நாம் உட்கார்ந்த சீட் மாதிரிதான் அந்த எண்ணும். இறங்கி மறுபடி ஏறினால் வேறு சீட். அடுத்த வருடமே அந்தக் கம்ப்யூட்டரின் தாய்ப்பலகை எரிந்து, பழைய இரும்புக்குப் போய்விட்டது. எண் மட்டும் மேனுவலில் தங்கிவிட்டது.

அதன் பிறகு வந்த பதினோரு வருடப் பிள்ளைகளும் அந்த எண்ணையே எழுதினார்கள். சில பேருக்குத் திரையில் வேறு எண் வந்திருக்கும். மிஷினுக்கு ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டு, மேனுவலைப் பார்த்து, ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, உள்ளே 5174832 என்று பென்சிலால் எழுதிவிடுவார்கள். ஒரு தடவை ஆய்வுக் குழு வந்து இருபது ரெக்கார்டுகளைப் புரட்டிவிட்டு, இவ்வளவு சீரான சோதனை வெளியீட்டை வேறெங்கும் பார்த்ததில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது. அந்த வருடம் தேர்ச்சி சதவீதமும் ஏறியதால் தாளாளருக்கு அது ராசியான எண்ணாகிவிட்டது. புதிதாக வாங்கிய கல்லூரி பஸ்ஸுக்கு 4832 என்றே நம்பர் எடுத்தார். லேப் சுவரில் தாளாளர் படம் ஒரு பக்கம், துறைத் தலைவர் படம் ஒரு பக்கம், நடுவில் அந்த எண் என்று ஃபிளெக்ஸும் அடித்து மாட்டினார்கள்.

இந்த நிலையில்தான் நான்காம் வருடம் படிக்கிற ஹரிணி தன் ரெக்கார்டில் 9031264 என்று எழுதினாள். அவள் செய்த குற்றம், திரையைப் பார்த்து எழுதியது.

ரெக்கார்டு திருத்துகிறவர் உதவிப் பேராசிரியை கார்த்திகா மேடம். ஒரு மணி நேரத்தில் அறுபத்து மூன்று நோட்டுத் திருத்த வேண்டியவர் எதைப் படிப்பார்? எண்ணை மட்டும் பார்ப்பார். ஹரிணியின் எண்ணைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, 'தவறு, மீண்டும் செய்' என்று எழுதினார். அந்தப் பெண் சொன்னதைக் கேட்கிற பெண். மீண்டும் செய்தாள். 3380917 வந்தது. அதையும் தேதி போட்டு எழுதினாள். பிறகு அவளுக்கே ஒரு ரோசம் வந்து மொத்தம் பத்துத் தடவை ஓட்டி, பத்து எண்களையும் வரிசையாக எழுதி, 'ஒவ்வொரு முறையும் இட எண் மாறும்' என்று கீழே ஒரு வரியும் சேர்த்தாள். அந்த ஒரு வரியில்தான் விஷயம் கார்த்திகா மேடத்தின் கையை மீறியது.

அவளுக்குச் சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. மென்பொருளைச் சோதித்துப் பார்க்கிற வேலை. ஜூலை ஒன்றாம் தேதி சேர வேண்டும், அரியர் இருக்கக் கூடாது. ரெக்கார்டில் துறைத் தலைவர் கையெழுத்து இல்லாவிட்டால் பிராக்டிகல் தேர்வுக்குள் விடமாட்டார்கள். தேர்வு எழுதாவிட்டால் அரியர். அரியர் விழுந்தால் வேலை போச்சு. ஒரு கையெழுத்தில் எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தது.

டாக்டர் ரகுநாத் கோபப்படுகிறவர் இல்லை. நிதானமாகப் பேசித்தான் ஆளைக் கொல்வார். ஹரிணியை உட்காரவைத்து, பத்து எண்களையும் ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தார்.

"பத்துத் தடவ ஓட்டி பத்துப் பதில் வருதுன்னா, அதுல எது சரின்னு ஒன்னாலயே சொல்ல முடியல. எங்க மேனுவல் பதினோரு வருசமா ஒரே பதில்தாம்மா சொல்லுது. யார நம்புறது?"

எண் மாறுவதுதான் சார் சரி என்று அவள் சொல்லிப் பார்த்தாள். மாறுகிறது எப்படிச் சரியாகும் என்று அவர் கேட்டார். அந்தக் கேள்வியில் நடிப்பு ஒன்றும் இல்லை. மனிதர் உண்மையிலேயே கேட்டார்.

ஆனாலும் சந்தேகத்தின் பலனை அவளுக்குக் கொடுக்க வேண்டுமென்று, லேபில் உள்ள அறுபது மிஷின்களிலும் சோதனையை ஓட்டிப் பார்க்கச் சொல்லி எனக்கு உத்தரவு போட்டார். ஓட்டினேன். அறுபது எண் வந்தது. ஒன்றுகூட 5174832 இல்லை. பட்டியலைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் ரகுநாத்தின் முகம் மாறியது. இனியாவது விளங்கும் என்று நினைத்தேன். அறுபது கம்ப்யூட்டரும் பழுது என்று விற்ற கம்பெனிக்கு அன்றைக்கே கடிதம் போனது. அவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. அடுத்து வரப்போகிற மாடலில் அந்த எண் கட்டாயம் வரும் என்று மூன்றே நாளில் பதில் போட்டு, கொட்டேஷனும் இணைத்திருந்தார்கள்.

கடைசியில் ஒரு விசாரணைக் குழு போட்டு, அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்று ஹரிணியிடம் சொல்லிவிட்டார்கள். எங்கள் கல்லூரியில் எந்தக் கேள்விக்கும் பதில் தெரியாதபோது பிள்ளையின் அப்பாவை வரச் சொல்வது வழக்கம். பெயிலானாலும் அப்பா, தாடி வைத்தாலும் அப்பா, ஃபேன் இறக்கை வளைந்தாலும் அப்பா.

ஹரிணியின் அப்பா பிச்சைமுத்துவுக்கு இலுப்பூர்ப் பக்கம் கடலைக் காடு. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எட்டரை மணிக்கே வந்து துறை வாசலில் நின்றார். பதினொன்றரை வரை அவரை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. ஸ்டூல் போட்டுக் கொடுத்தேன், உட்காரவில்லை. விவரம் கேட்டதற்கு, நம்பர் விஷயமாகப் பிரச்சினை என்று கார்த்திகா மேடம் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பிச்சைமுத்து அதை யாரோ ஒரு பையனுடைய போன் நம்பர் என்று நினைத்துவிட்டார். அப்படியில்லை, இது கம்ப்யூட்டர் நம்பர் என்று நான் விளக்கினேன். கொஞ்சம் ஆறுதல்பட்டவர் மாதிரி இருந்தார். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்.

"சார், எங்கிட்ட மறைக்காதீங்க. எம்புள்ள எதையும் களவாண்டுருச்சா?"

எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. சங்கடம் என்று சொல்வது சும்மா ஒப்புக்கு, வெட்கமாக இருந்தது. நான் ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் அவசரமாக ஓட்டிப் பார்த்து அடித்த ஏழு இலக்கம் இது. அதற்காக ஒரு மனிதர் கடலை பறிக்கிற நாளில் வேலையை விட்டுவிட்டு வந்து, பெற்ற பிள்ளையைத் திருடி என்று நினைத்துக்கொண்டு நிற்கிறார். குழுவில் எழுந்து உள்ளதைச் சொல்லிவிடுவது என்று அப்போது முடிவு செய்தேன்.

குழுவின் பெயர் வெளியீட்டு ஒழுங்கு விசாரணைக் குழு, கூடியது லேபிலேயே. தாளாளர் தலைமை, ரகுநாத் செயலாளர், கார்த்திகா மேடம் உறுப்பினர். தண்ணீர் கொண்டுபோய் வைப்பதற்கும் புரொஜெக்டர் போடுவதற்கும் நான். தாளாளர் முன்னால் ஒரு கைப்பிடி சல்லி வைத்திருந்தார். எல்லாம் முக்கால் இன்ச்சு, ஒன்று மட்டும் பெரியது. அந்தப் பெரிய சல்லியை எடுத்துப் பிச்சைமுத்துவிடம் காட்டி, இப்படி ஒரு கல்லு கலந்திருந்தா முழு லோடையும் திருப்பி அனுப்பிருவான், பெத்தவரு நீங்க புரிஞ்சுக்கணும் என்றார். பிச்சைமுத்து கல்லைக் கையில் வாங்கிப் பார்த்தார். எந்த கிரஷர் கல்லுங்க, நல்லா இருக்கு என்றார். அவர் மரியாதைக்குச் சொன்னது. தாளாளர் பதினைந்து நிமிடம் கிரஷரைப் பற்றிப் பேசிவிட்டார்.

இடையில் புகுந்து நான் சொன்னேன். மேனுவலில் உள்ள எண்ணைப் போட்டது நான்தான், 2014-ல் ஒரு தடவை ஓட்டியபோது வந்தது, அந்த மிஷின் இப்போது இல்லை, எந்த மிஷினிலும் அந்த எண் இனி வர வேண்டிய அவசியமில்லை, அந்தப் பெண் எழுதியதுதான் சரி. கோர்வையாகத்தான் சொன்னேன். தாளாளர் ரகுநாத்தைப் பார்த்தார்.

ரகுநாத் பதறவில்லை. என் பணிக் கோப்பை எடுத்துவரச் சொன்னார். 2014-ல் என்னைக் கல்லூரி நேரடியாக வைத்திருந்தது, ஊழியர் எண் 214. இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்களையெல்லாம் நிறுத்திவிட்டு, மறுநாளே ஒரு ஏஜென்சி மூலமாகச் சேர்த்துக்கொண்டார்கள். ஊழியர் எண் 1037. அதே நாற்காலி, அதே சாவிக்கொத்து. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கோப்பில் இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு குழுவைப் பார்த்துப் பேசினார்.

"2014-ல வேல பார்த்தது நாகராசு, 214. இங்க நிக்கிறது நாகராசு, 1037. பேரு சமம். அப்பா பேரு சமம். பொறந்த தேதி சமம். மொகங்கூட ஏறக்கொறைய சமம்னு வச்சுக்குவோம். ஆனா எல்லாம் சமமா இருக்குங்கறதுக்காக ரெண்டு பேரும் ஒரே ஆளுன்னு சொல்லிற முடியுமா? நம்பர் வேறயா இருக்கே. நம்பர் வேறன்னா ஆள் வேற. அந்த நாகராசு வந்து சொன்னா கேட்டுக்கலாம். இவரு சொல்றத எப்படி எடுத்துக்கறது?"

பதினோரு வருடமாக இந்தத் துறையில் ஏழாவது சோதனையை இவ்வளவு தெளிவாக யாரும் நடத்தியதில்லை. ஹரிணி எழுந்தாள்.

"சார், இதுதான் சார் ஏழாவது எக்ஸ்பெரிமென்ட். நீங்க இப்ப சொன்னததான் சார் நான் எழுதியிருக்கேன்."

ரகுநாத் அவளைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், காது மடல் சிவந்திருந்தது. ஒரு நிமிடம் அவர் ஏதோ சொல்லப்போகிறார் என்றுகூட நினைத்தேன். பிறகு சுவர்ப் பக்கம் பார்த்தார். ஃபிளெக்ஸில் இருந்த தன் படத்தைப் பார்த்தாரா, எண்ணைப் பார்த்தாரா தெரியவில்லை. அடையாளம் உறுதிப்படாத ஒருவர் தெரிவித்த கருத்தைக் குழு பதிவு செய்துகொள்கிறது, மாணவி மேனுவலின்படி திருத்தி எழுதினால் கருணை அடிப்படையில் கையெழுத்திடப்படும் என்று மேடத்திடம் தீர்மானம் எழுதச் சொன்னார். தாளாளர் கருணை என்ற சொல்லுக்கு மட்டும் தலையாட்டிவிட்டு, பாக்கிச் சல்லியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

வெளியே வந்ததும் பிச்சைமுத்து மகளைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

"ஆத்தா, நீ பாத்ததத்தான எழுதுன?"

"ஆமாப்பா."

"இவுக சொல்றத நீ பாக்கலையா?"

"யாருமே பாக்கலப்பா."

அவர் அந்தப் பெரிய சல்லியைக் கையிலேயே வைத்திருந்தார், திருப்பிக் கொடுக்க மறந்திருக்க வேண்டும். எழுதாதே என்று சொல்லலாமா என்று அவர் யோசிப்பது முகத்தில் தெரிந்தது. ஜூலை ஒன்றாம் தேதியை யோசிப்பதும் தெரிந்தது. அவர் எதையும் சொல்வதற்குள் அவளே பையிலிருந்து நோட்டை எடுத்தாள். பத்து எண்களும் இருந்த தாளைக் கம்பியோடு ஒட்டினாற்போலக் கிழித்தாள். புதுத் தாளில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டாள். மேனுவலைப் பார்க்கவில்லை, அந்த எண் எல்லாருக்கும் மனப்பாடம். எழுதி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"இவ்வளவு சீக்கிரமா முடியிற வேலைண்ணே இது. நான்தான் ரெண்டு வாரம் இழுத்துட்டேன்."

கிண்டலாகச் சொன்னாளோ என்று பார்த்தேன். கிண்டல் இல்லை, களைப்புதான். சாயங்காலத்துக்குள் கையெழுத்து விழுந்துவிட்டது.

பிராக்டிகல் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த தேர்வாளர் பெலிக்ஸ் என்பவர், பக்கத்து மாவட்டத்துக் கல்லூரியில் இதே துறைக்குத் தலைவர். விஷயம் தெரிந்த ஆள் என்பது அவர் நோட்டைப் புரட்டுகிற விதத்திலேயே தெரிந்தது. ஏழாவது சோதனை வந்ததும் நின்றார். அடுத்த நோட்டை எடுத்தார், அதிலும் அதே பக்கம். அதற்கடுத்தது. பிறகு அறுபத்து மூன்றையும் அடுக்கிவைத்து அந்த ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டே போனார். ரகுநாத் பக்கத்தில் இளநீரோடு நின்றார். பெலிக்ஸ் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஹரிணியின் முறை வந்தபோது மட்டும், அவள் நோட்டில் கிழித்த தாளின் பிசிறு கம்பியில் மாட்டியிருந்ததால், நோட்டைத் திருப்பிவைத்து எண்ணைக் காட்டினார்.

"இது எப்படிம்மா வந்துச்சு?"

ஹரிணி ரகுநாத்தைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். நான் ஃபிளெக்ஸைப் பார்த்தேன்.

"மேனுவல்ல இருந்து எழுதினேன் சார்," என்றாள். "ஓட்டினப்ப வேற வந்துச்சு. ஓட்டும்போதெல்லாம் வேற வந்துச்சு."

பெலிக்ஸ் பேனாவை மூடினார், திறந்தார். சரிம்மா, போகலாம் என்றார். அவளுக்குத் தொண்ணூற்றெட்டு போட்டார். மற்ற அறுபத்து இரண்டு பேருக்கும் தொண்ணூற்றெட்டு. அவள் கதவுக்கு வெளியே போய் அப்பாவுக்குப் போன் போட்டு, பாஸுப்பா, சட்டை எடுக்கணும், புதுக்கோட்டைக்கு வாரியா என்று கேட்டது எனக்குக் கேட்டது.

மற்றவர்கள் சாப்பிடப் போன பிறகு பெலிக்ஸ் மட்டும் லேபுக்குத் திரும்பி வந்தார். கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டுப் பையிலிருந்து பென்டிரைவை எடுத்தார். நல்ல மனிதர்தான், கேட்பதற்கு அவருக்கே கூச்சமாக இருந்தது. அடுத்த மாதம் அவர்கள் கல்லூரிக்கும் ஆய்வுக் குழு வருகிறதாம். அங்கே பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு எண் எழுதித் தொலைக்கிறார்களாம், பார்க்கவே அசிங்கமாக இருக்கிறதாம். மேனுவலின் சாஃப்ட் காப்பி வேண்டும், அட்டையில் அவர் பெயரைப் போட்டுத் தர வேண்டும்.

போட்டேன். அட்டை நிறத்தை நீலத்திலிருந்து பச்சையாக்கினேன். ஏழாவது சோதனைக்கு வந்ததும் அவர் என் தோளுக்கு மேல் குனிந்து, இந்த எண்ணை மட்டும் மாற்றிவிடுங்கள், இங்கிருந்து எடுத்தது என்று தெரியக் கூடாது என்றார். எந்த எண்ணைப் போட என்று கேட்டேன்.

"எதையாச்சும் ஒண்ணப் போடுங்க நாகராசு. ஆனா எல்லாத்துக்கும் ஒண்ணாத்தான் இருக்கணும்."

பதினோரு வருடத்துக்கு முன்னால் நான் குறைந்தபட்சம் அதை ஒரு தடவை ஓட்டியாவது பார்த்தேன். இந்தத் தடவை அதுகூட இல்லை, விரல் போன ஏழு கட்டைகளைத் தட்டினேன். அவர் வாய்விட்டு ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டு, நல்ல எண் என்றார்.